சாம்பார் பேரில் ஒரு வேண்டுகோள்

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான் விளம்பரச் செயலாளர் ஆனதற்கு ஒரே தகுதி, வீட்டில் கம்ப்யூட்டர் இருந்ததுதான். அதுவும் என்னுடையது இல்லை. கல்யாணத்துக்கு முன்பே என் மனைவி தன் சம்பளத்தில் வாங்கியது. தில்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடிக்கு அது அவளோடு கல்யாணச் சீராக வந்து சேர்ந்தது. நான் லோதி ரோட்டில் ஒரு அலுவலகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வேலை, அதன்மேல் துணி போட்டு மூடுவது.

சங்கம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதில் இரண்டு பீரோ, ஒரு மைக், ஒரு வள்ளுவர் படம். ஆயுள் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு ஆயுள் முடிந்திருந்தது. மீதிப் பேர் ரிட்டயராகிச் சென்னையில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொங்கல் விழாவுக்குக் கூட்டம் வருவதென்றால் குழந்தைகளை மேடையேற்ற வேண்டும். தன் குழந்தை ஆடி முடித்ததும் அந்தக் குடும்பம் எழுந்து போய்விடும். நன்றியுரை சொல்லும்போது எதிரே மைக்செட்காரர் மட்டும் இருப்பார், அவரும் பஞ்சாபி.

பொதுச் செயலாளரை எல்லோரும் ஜி.எஸ். என்போம். மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர் ஓய்வு பெற்றாரே தவிர ஃபைல் ஓய்வு பெறவில்லை. வீட்டில் பால் வாங்குவதற்கும் குறிப்பு எழுதி ஒப்புதல் வாங்குவார் என்று அவர் மனைவியே சொல்வார். அமெரிக்காவில் இருந்த அவருடைய அண்ணன் மகன் ஒருமுறை போனில், இப்போது எல்லாச் சங்கங்களும் இணையத்தில்தான் ஆள் சேர்க்கின்றன என்று சொல்லிவிட்டான். அடுத்த செயற்குழுவில் அது நான்காவது பொருளாக வந்தது: ‘இணையத்தில் சங்கத்தின் இருப்பைப் பதிவு செய்தல் குறித்து.’ எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பீரோவைப் பார்த்தேன். தீர்மானம் நிறைவேறியது.

அப்போது ஊதா நிறத்தில் ஓர் இணையதளம் இருந்தது. தில்லியில் காலேஜ் படிப்பவர்கள், கால் சென்டரில் வேலை பார்ப்பவர்கள், வேலை தேடுபவர்கள் எல்லோரும் அதில்தான் கிடந்தார்கள். ஒருவர் பக்கத்தில் போய் இன்னொருவர் எதையாவது எழுதிவிட்டு வரலாம். ஒத்த ரசனை உள்ளவர்கள் சேர்ந்து குழு தொடங்கலாம். என் மனைவி எனக்கொரு கணக்குத் திறந்து, சங்கத்தின் பேரில் ஒரு குழுவும் தொடங்கிக் கொடுத்தாள். முகப்பில் வள்ளுவர் படத்தைப் போட்டோம். மைக்கின் நிழல் அவர் தாடிமேல் விழுந்திருந்தது.

ஜி.எஸ். வாரம் ஒரு சுற்றறிக்கை எழுதித் தருவார். ‘உறுப்பினர்கள் அனைவருக்கும் இதனால் தெரிவிப்பது யாதெனில்’ என்று தொடங்கி ‘தவறாது வருகை தந்து சிறப்பிக்குமாறு’ என்று முடியும். நான் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி ஏற்றுவேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்து பாதிப் பேருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாதக் கணக்கில் காத்திருந்து கிடைத்த முதல் பதிலில் ஒரு பையன், இது சுடோகுவா என்று கேட்டிருந்தான்.

அதை ஜி.எஸ்.ஸிடம் சொன்னேன். சுடோகு என்பது யார், நம் உறுப்பினரா என்றார்.

என் மனைவி தில்லி கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் திட்டுவாள், பேசுவாள், கனவு காண்பாள். படிப்பது மட்டும் எழுத்துக்கூட்டித்தான். ஒரு மார்க்கெட் ரிசர்ச் கம்பெனியில் அவளுக்கு வேலை. எந்த சோப்பு போடுகிறீர்கள், ஏன் அதை விட்டு இதற்கு மாறினீர்கள் என்று நாள் முழுக்க ஊராரைப் போனில் கேட்பாள். முகம் தெரியாதவர்கள் சோப்பில் ஆரம்பித்து மாமியார் வரைக்கும் போவார்களாம். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“நீங்க சொல்லிட்டே இருக்கீங்க. யாருக்கு வேணும்? ஏதாவது கேளுங்க. இந்த ஊர்ல தமிழ்க்காரங்கள யாரும் ஒண்ணுமே கேக்கறதில்ல, தெரியுமா?”

என்னத்தைக் கேட்பது என்றேன். அவள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, என் கணக்கிலேயே, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரே ஒரு வரி தட்டினாள்: சாம்பாரில் வெல்லம் போடலாமா, கூடாதா?

மறுநாள் அலுவலகம் விட்டு வந்து திறந்தபோது பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருவர், வெல்லம் போட்டால் அது சாம்பார் இல்லை, பாயாசத்துக்குப் பருப்பு போட்ட கதை என்று எழுதியிருந்தார். இன்னொருவர், ஒரு சுண்டைக்காய் அளவு வெல்லம் புளியை அடக்கும், வெல்லம் போடாதவர்களுக்கு நாக்கு இல்லை என்றார். கோயம்புத்தூர்க்காரர் தஞ்சாவூர்க்காரரைச் சாடினார். தஞ்சாவூர்க்காரர், நான் உங்கள் பக்கம்தான் ஐயா, முதலில் படியுங்கள் என்றார். மயூர் விஹாரிலிருந்து ஒரு பெண் தன் கணவன் வெல்லம், தான் வெல்லம் இல்லை, பதினோரு வருஷமாக இரண்டு பாத்திரம் என்று எழுதினாள். காரக்குழம்பு என்ற புனைபெயரில் ஒருவர் மட்டும் ஒவ்வொரு வெல்லக்காரருக்கும் தனித்தனியாக, ஓய்வே இல்லாமல், பதில் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதருக்கு இவ்வளவு கோபம் ஒரு பருப்புக் குழம்பிலிருந்து வருமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

குழு வீங்கிக்கொண்டே போனது. சாம்பாரை ஒட்டி, நல்ல கறிவேப்பிலை எங்கே கிடைக்கும், ஊருக்குப் போகும் ரயிலில் எந்த ஸ்டேஷனில் இட்லி தேவலை, ஆட்டோக்காரரிடம் இந்தியில் எப்படிச் சண்டை போடுவது என்று கிளைகள் முளைத்தன. எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ், நடுநடுவே இந்தி. சங்கம் என்ற சொல் எங்கேயும் வரவில்லை.

இதை நான் ஜி.எஸ்.ஸிடம் மறைத்துவைத்திருந்தேன். அவர் எப்படியோ தெரிந்துகொண்டு, எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொண்டுவரச் சொன்னார். கொடுத்தேன். சிவப்பு மையால் பிழை திருத்திக்கொண்டே வந்தவர், மூன்றாவது பக்கத்தில் பேனாவை மூடிவிட்டார். செயற்குழு கூடியது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதைத் தமிழ்ச் சங்கம் அனுமதிக்கலாமா என்று தலைவர் கேட்டார். அவருடைய மகளும் மகனும் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாம்பார் சங்கத்தின் நோக்கங்களில் இல்லை என்று பொருளாளர் விதிமுறைப் புத்தகத்தை விரித்தார். குழுவை மூடிவிடலாம் என்ற கட்டத்துக்குப் பேச்சு வந்தது. கடைசியில், மூடுவதற்கும் ஒரு சட்டவிதி வேண்டும், அது நம்மிடம் இல்லை என்பதால் விஷயம் ஒத்திவைக்கப்பட்டது. கூட்டம் கலைந்து வெளியே வரும்போது தலைவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். வெல்லம் கூடாது என்று தன் கருத்தையும் சேர்த்துவிட முடியுமா, பேர் வேண்டாம் என்றார்.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தச் சண்டைக்கு நடுவில், காரக்குழம்பிடமிருந்து வேறு மாதிரி ஒரு பதில் வந்தது. சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தான் இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர் என்று எழுதியிருந்தாள். ஆம், எழுதியிருந்தாள். ஐம்பது வயது மீசைக்காரர் என்று நாங்கள் நினைத்திருந்த ஆள் திருநெல்வேலியிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கும் பெண். சாத்தூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி, நொய்டாவில் கட்டட வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வந்த இடத்தில் மூச்சு முட்டிச் சேர்க்கப்பட்டிருக்கிறாள். இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அவர்கள் சார்பில் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், எந்த குரூப்பாக இருந்தாலும் சரி, மாற்றிக்கொள்வார்கள். மகன் கொடுத்துவிட்டான். அவனோடு வேலை செய்பவர்களில் இரண்டு பேர் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஒரு நாள் வராவிட்டால் வேலை போய்விடும். வியாழக்கிழமைக்குள் யாராவது வர முடியுமா?

நான் அதை எடுத்துக்கொண்டு ஜி.எஸ். வீட்டுக்கு ஓடினேன். என் மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். படித்து முடித்து, லெட்டர்ஹெட் பீரோவில் இருக்கிறது, தலைவர் கையெழுத்து வேண்டும், செயற்குழுவுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றார்.

“சங்கத்தோட பேர்ல ஒரு வேண்டுகோள் போகணும்னா அதுக்கொரு முறை இருக்கும்மா” என்றார் என் மனைவியிடம்.

“அங்கிள், அந்தம்மாவுக்கு ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. உங்க முறை அடுத்த புதன்கிழமைதான் வருது.”

ஜி.எஸ்.ஸின் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். அது ஆடை கட்டும் வரை ஜி.எஸ். அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் விதியை நம்பிப் பிழைத்த மனிதர், விதியில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

“சங்கத்து பேரப் போடாதே” என்றார் கடைசியில். “சாம்பார் பேர்லயே போட்டுடு.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி உட்கார்ந்தாள். நான் எப்படி எழுதுவது என்று யோசித்து, உயிர், தானம், மனிதநேயம் என்று மூன்று சொல் சொன்னேன். அதெல்லாம் கேட்டால் ஜனங்கள் ‘பாவம்’ என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள் என்றாள். அவள் தட்டியது இது: வெல்லம் போடுகிறவர்களுக்குத்தான் ரத்தம் கெட்டி என்று ஒரு பேச்சு. போடாதவர்கள் அதை ஒப்புக்கொள்ளப் போகிறீர்களா? வியாழக்கிழமை காலை, பெரிய ஆஸ்பத்திரி ப்ளட் பேங்க் வாசல். சாத்தூர் அம்மா ஒருத்திக்கு வேண்டும். எந்தக் கட்சி அதிகம் கொடுக்கிறது, பார்த்துவிடலாம்.

எனக்கு அது கொஞ்சம் கூசியது. ஒரு பெண்ணின் உயிரை வைத்து விளையாடுவதுபோல் இல்லையா என்று கேட்டேன்.

“விளையாட்டுன்னா வருவாங்க. வந்தப்புறம் விளையாட்டு இல்லேன்னு அவங்களே பாத்துப்பாங்க” என்றாள்.

வியாழக்கிழமை பனி மூட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தோம். வாசலில் ஒருவரும் இல்லை என்று நினைத்தேன். நிறையப் பேர் இருந்தார்கள், யார் யார் என்றுதான் தெரியவில்லை. குழுவில் எல்லோருடைய முகமும் பூவாகவோ சினிமா நடிகராகவோ இருந்ததால் ஒருவரை ஒருவர் அடையாளம் காண வழியே இல்லை. மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு தனித்தனியாக நின்றவர்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி நடுவில் போய் நின்று, வெல்லமெல்லாம் இந்தப் பக்கம், வெல்லம் இல்லாததெல்லாம் அந்தப் பக்கம் என்று சத்தமாகச் சொன்னாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அங்கே இருந்த வடக்கத்திக்காரர்கள் சிலர் எதற்கென்று தெரியாமலேயே ஒரு பக்கத்தில் போய் நின்றார்கள். தில்லியில் வரிசை என்று கண்டால் நின்றுவிடுவது பழக்கம்.

சிங்கக்குட்டி என்ற பேரில் எல்லோரையும் கடித்துக் குதறும் ஆள், காதுக்குக் குல்லாய் போட்ட, அதிர்ந்து பேசாத ஸ்டெனோகிராபர். வெண்ணிலா என்ற பேர்தான் அன்றைக்குப் பெரிய ஏமாற்றம். குழுவில் வெண்ணிலா எது எழுதினாலும் கல்யாணமாகாத பையன்கள் ஓடிவந்து ஆமோதிப்பார்கள். தானும் வியாழக்கிழமை வருவதாக வெண்ணிலா எழுதியிருந்ததால், தலைமுடியில் ஜெல் தடவிக்கொண்டு ஆறேழு பேர் வந்திருந்தார்கள். ஒரு வேனிலிருந்து, கதவளவு அகலமாக, மீசையை முறுக்கிவிட்ட ராணுவ ஹவில்தார் ஒருவர் இறங்கி, நான்தாங்க வெண்ணிலா, மகளோட பேரு என்றார். பக்கத்தில் இருந்த படை முகாமிலிருந்து தன் ஆட்கள் சிலரையும் கூட்டி வந்திருந்தார். பையன்கள் நைசாக நழுவப் பார்த்தார்கள். ஹவில்தார் ஒரு பார்வை பார்த்தார். வரிசையில் நின்றார்கள்.

ஜவான்கள் எந்தக் கட்சி என்று கேள்வி வந்தது. எங்கள் மெஸ்ஸில் ராஜஸ்தான்காரர் வைக்கும் சாம்பாரில் வெல்லம் என்ன, சில நாள் உலர்திராட்சையே கிடக்கும், நாங்கள் எந்தக் கட்சியிலும் சேர முடியாது என்றார் ஹவில்தார்.

உள்ளே, கவுன்ட்டரில் இருந்த டெக்னீஷியன் நல்ல மனிதர். முதல் சில பேருக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் படுக்கும்போது வெல்லத்துக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று வாசலைப் பார்த்துக் கத்துவதைக் கேட்டுவிட்டு, “யே வெல்லம் கா க்யா சக்கர் ஹை, பையா?” என்று என்னைக் கேட்டார். வெல்லத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விளக்கினேன். அவர் மனைவி ‘கடி’ என்கிற வடக்கத்தி மோர்க்குழம்பில் வெல்லம் போடுவாராம், இவருக்கும் அது பிடிக்காதாம்.

என் திட்டம், ஒருங்கிணைப்பாளராக வெளியே நிற்பது. ஊசி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கண் இருட்டும். வீட்டின் சார்பில் மனைவி கொடுத்துவிடுவாள் என்று நம்பியிருந்தேன். அவளை விரலில் குத்திப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் இரும்பு போதாது, கீரை சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் வெளியே வந்து என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போனேன். ஊசி போடும் வரை ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்தபோது என் கால்களை யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள், வெண்ணிலா என் வாயில் பழரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தார்.

படுத்தபடியே திரும்பிப் பார்த்தேன். ஜி.எஸ். வந்திருந்தார். கோட், கழுத்து மூடிய ஸ்வெட்டர், கையில் ஃபைல். கவுன்ட்டரில் தகராறு நடந்துகொண்டிருந்தது. அவரும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்கிறார். அறுபது தாண்டியவர்களிடம் எடுப்பதில்லை என்கிறார் டெக்னீஷியன். சர்வீஸ் ரிஜிஸ்டரில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக அப்பா கூட்டிச் சொன்ன வயது, அசல் வயதுக்கு மூன்று வருஷம் கழிக்க வேண்டும் என்று ஜி.எஸ். இந்தியில் வாதாடினார். அவருடைய இந்தி அரசாங்கம் பரீட்சை வைத்துக் கற்றுக்கொடுத்தது. வாசலில் காவலாளியிடம் அவர் ‘ரக்தகோஷ்’ எங்கே என்று கேட்டுக் கால் மணி நேரம் அலைந்ததும், அந்தக் காவலாளி கடைசியில் ‘ப்ளட் பேங்க் போல்னா, அங்கிள்’ என்று அழாத குறையாகச் சொன்னதும் பிறகு தெரிந்தது. டெக்னீஷியன் கை கூப்பினார். ரத்தத்துக்கு சர்வீஸ் ரிஜிஸ்டர் தெரியாது அங்கிள்ஜி, போய் உட்காருங்கள் என்றார்.

ஜி.எஸ். முகம் சுண்டிப்போயிற்று. மூடிய ஸ்வெட்டருக்குள் ஆள் கொஞ்சம் சிறுத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அவர் சும்மா போகிறவர் இல்லை. ஃபைலைத் திறந்து ஆயுள் உறுப்பினர் படிவங்களை எடுத்தார். படுத்திருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சங்கத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். கையில் ஊசி இருப்பவன் எங்கே ஓடுவான்? சிங்கக்குட்டி மாட்டிக்கொண்டார். இடது கை ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்க வலது கை கையெழுத்துப் போட்டது. அன்றைக்குச் சேர்ந்த ஒரே உறுப்பினர் அவர்தான்.

எந்தக் கட்சி ஜெயித்தது என்று இன்றுவரை தீரவில்லை. வெல்லத்தில் ஒருவர், பொங்கல் அன்று வைக்கும் சாம்பாரில் மட்டும்தான் போடுவேன் என்று வாக்குமூலம் கொடுத்ததால் அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தகராறு. தேவைக்கு மேலேயே ரத்தம் சேர்ந்துவிட்டது என்று காரக்குழம்பு டாக்டர் வந்து சொன்னாள். ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். வெல்லக்காரர்கள் பக்கம் திரும்பி, ரொம்ப நன்றி, ஆனா நீங்க சொன்னது தப்புதான் என்றாள்.

வெளியே மரத்தடியில் அந்தம்மாவின் கணவர் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்பவர். கொடுத்துவிட்டு வருகிற ஒவ்வொருவரையும் எழுந்து நின்று கும்பிட்டார். அப்போதுதான் எங்கள் கூட்டத்தில் சத்தம் அடங்கியது. காலையிலிருந்து கட்சி கட்சியென்று கத்தியவர்களுக்கு அவர் எதிரே கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜி.எஸ். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாத்தூரில் எந்தத் தெரு என்று கேட்டார். தன் சித்தப்பா வீடு அங்கேதான், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் என்றார். மத்தியானம் ஜி.எஸ்.ஸின் மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனபோதும் ஜி.எஸ். அதே மரத்தடியில் இருந்தார். மகன் சிமென்ட் ஒட்டிய பேன்ட்டோடு சுவரில் சாய்ந்து நின்றான். அப்பா பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். சாப்பிட்டாரா என்று கேட்டதற்கு ஜி.எஸ். இல்லையென்று தலையாட்டினார், தானும் சாப்பிடவில்லை என்று அப்புறம் தெரிந்தது.

அன்று குழுவில் நடந்ததை மனைவி சொல்லித்தான் கேட்டேன். அலுவலகத்தில் சோப்புக் கேள்விகளுக்கு நடுவே அவள் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். காலையிலிருந்து ஒருவர்கூடச் சாம்பாரைப் பற்றி எழுதவில்லை. ஏதாவது தெரிந்ததா என்று ஒருவர் கேட்பார். இன்னும் இல்லை என்று இவள் எழுதுவாள். கொஞ்ச நேரத்தில் வேறொருவர் அதையே கேட்பார். துபாய்க்குப் போய்விட்ட ஒரு பழைய தில்லிக்காரர், அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாராம். எங்கள் கூட்டங்களில் அதுவரை ஒருவரும் கடைசி வரை உட்கார்ந்திருந்ததில்லை.

சாயங்காலம் காரக்குழம்பு டாக்டர் பச்சை அங்கியோடு வெளியே வந்தாள். அந்த அப்பா எழுந்தார். ஜி.எஸ்.ஸும் கூடவே எழுந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லபடியா முடிஞ்சிருச்சு ஐயா. நாளைக்குப் பாக்கலாம்” என்றாள் அவள்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஜி.எஸ். கையில் கொடுத்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த காராச்சேவு. ஆபரேஷன் முடியும் வரை பிரிக்கக் கூடாது என்று அந்தம்மா சொல்லியிருந்தாளாம். அதை மரத்தடியிலேயே பிரித்து ஆளுக்கொரு கை சாப்பிட்டோம். நான் வெளியே ஒரு கடையிலிருந்து மனைவிக்குப் போன் செய்தேன். அவள் குழுவில் எழுதினாள். அதற்கு நிறையப் பதில் வரவில்லை. சரி, நல்லது என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்பாடா என்று ஒருவர். ஒரு மணி நேரத்துக்குள் வெல்லச் சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு சங்கத்தில் பெரிய மாற்றம் வந்துவிட்டதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். வரவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வழக்கம்போல் கோரத்துக்கு வேண்டிய ஆள் சேரவில்லை, அரை மணி நேரம் ஒத்திவைத்து நடத்தினோம். குழுவில் இருந்த அத்தனை பேரில் சிங்கக்குட்டி மட்டும் வந்தார், சந்தா கட்டிய பாவத்துக்கு. என் மனைவியைச் செயற்குழுவில் சேர்க்கலாம் என்று தலைவர் முன்மொழிந்தார். மீட்டிங்குக்கெல்லாம் வரமாட்டேன், வேலை இருந்தால் சொல்லுங்கள் என்று அவள் சொல்லி அனுப்பினாள். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவ்வப்போது சேதி வரும். விழுப்புரத்திலிருந்து ஒரு குழந்தை, ராமநாதபுரத்திலிருந்து ஒரு கிழவர் என்று. இந்தி பேச ஆள் வேண்டும், தங்க இடம் வேண்டும் என்பார்கள். குழுவில் ஒரு வரி போட்டால் யாராவது போவார்கள். சங்க அறையின் பீரோக்களை நகர்த்தி இரண்டு கட்டில் போட ஜி.எஸ். ஏற்பாடு செய்தார். அதற்கு எந்தத் தீர்மானமும் நிறைவேறியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சாத்தூர் அம்மா ஊருக்குக் கிளம்பியது ஹோலி கழிந்து. நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். இரண்டு பேர் வருவார்கள் என்று நினைத்தால் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். அந்தம்மாவை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. குள்ளமாக, அரக்குச் சேலையில், மூக்குத்தியோடு இருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே எங்களை ஒவ்வொருவராக அளந்தாள். ஆபரேஷன் ஆன உடம்பு என்று நாங்கள் எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் குரல்தான் பிளாட்பாரத்தில் பெரிதாகக் கேட்டது.

“இம்புட்டுப் பேரு குடுத்தீகளாம். ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிப் பிள்ளையக் கேட்டா வெண்ணிலாங்குது, சிங்கங்குது. ஒழுங்கா ஆளுக்கொரு பேரச் சொல்லுங்க, நான் சாமி கும்புடணுமில்ல.”

வரிசையாகப் பேரும் ஊரும் சொன்னோம். ஹவில்தார் விறைப்பாக நின்று சொன்னார். ஜி.எஸ். தகப்பனார் பெயரோடு சேர்த்துச் சொன்னார். எங்களுக்குள் பாதிப் பேருக்கு மற்றவர்களின் பேர் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் ஒவ்வொன்றையும் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். என் மனைவியிடம் வந்ததும், உனக்கு ரத்தம் பத்தலையாமே, நல்லா முருங்கைக்கீரை திங்கிறதில்லையா என்று அதட்டினாள். வண்டி நகர்ந்தது. அவள் கணவர் கதவருகே நின்று கும்பிட்டுக்கொண்டே போனார், வளைவு திரும்பும் வரை.

பிறகு எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். நானும் மனைவியும் ப்ளூலைன் பஸ் ஏறினோம். சிங்கக்குட்டியும் ஏறினார். நாங்கள் இறங்கிய நிறுத்தத்தில் அவரும் இறங்கினார். நாங்கள் திரும்பிய சந்தில் அவரும் திரும்பினார். கொஞ்ச தூரம் வரை மூன்று பேரும் சிரிக்காமல் நடந்தோம். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் பிளாக், முதல் மாடி என்றார் அவர். எட்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறாராம். ஒருநாள் வீட்டுக்கு வாங்க என்றார், கட்டாயம் என்றேன், அவர் குல்லாயைச் சரிசெய்துகொண்டு இருட்டான மாடிப்படியில் ஏறிப் போனார்.

“அவர் போன் நம்பர் வாங்கினீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

இல்லையே, ஓடிப்போய் வாங்கட்டுமா என்றேன்.

“அரே, விடுங்க. நம்ம கிச்சன் ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டாலே அவருக்குக் கேக்கும்.”